கப்புக்கு முன்னால் நடக்க இருந்தவன்

பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் நம் ஆட்கள் கப்பு வாங்கிய கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோலைத் தலையால் அடித்தான் என்பார்கள், காலால் அடித்தான் என்பார்கள். அன்றைக்கு மழை பெய்தது என்று ஒருவன் சத்தியமே செய்தான். ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. அங்கே நின்றவன் நான். ஆனால் எவன் சொல்லும் கதையிலும் நான் வரமாட்டேன். நான் எப்படி இல்லாமல் போனேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் கோபமா என்று கேட்கிறவர்கள், பட்டவன் நீங்களா நானா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் பசறைக்கு மேலே, மடுல்சீமைக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடிக்கிறவனாக இருந்தேன். விடிவதற்கு முன்னால், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவே நின்று தப்பை அடித்து ஆட்களை எழுப்ப வேண்டும். அந்தச் சத்தத்துக்கு எழுந்துதான் ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். கங்காணி அவர்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவார். தோட்டத்தில் கல்யாணத்துக்கும் நான்தான், மாரியம்மன் திருவிழாவுக்கும் நான்தான், சாவுக்கும் நான்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் எங்களுடையது தப்படிக்கிற குடும்பம். அதனால் எங்களுக்குக் கீழ் லயம். மேல் லயத்துக்காரர்கள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இந்த எழுத்துக்கூட, தோட்டத்து வாத்தியாருக்கு விறகு பிளந்து போட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த நாளில் பதுளையில் ஞாயிற்றுக்கிழமைகளில் புட்போல் நடக்கும். துரைமாருக்கு ஒரு கட்சி இருந்தது, போலீசுக்கு ஒன்று இருந்தது, டவுன் சிங்களப் பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தது. தமிழனுக்குத்தான் ஒன்றும் இல்லை. டவுனில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், அவரும் நம்மைப் போலக் கடல் தாண்டி வந்தவர்தான், நாலைந்து தோட்டங்களில் கால் வேகமுள்ள ஆட்களைப் பொறுக்கி எடுத்து, மஞ்சள் சட்டை தைத்துக் கொடுத்து ஒரு கட்சி கட்டினார். தேயிலை ஸ்டோரில் இலை வாட்டுகிறவன், தண்ணீர்க் கான் வெட்டுகிறவன், செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் என்று பதினோரு பேர். இது ஊவா மாகாணத்தில் இருக்கிற தமிழன் எல்லோருக்கும் சொந்தமான கட்சி என்று சொன்னார். பதினோரு பேரில் மூன்று பேர் கீழ் லயத்துக்காரர்கள். அதில் ஒருவன் என் பெண்சாதியின் தம்பி. பின்னால் நின்று தடுக்கிறவன். அவன் ஓர் உதை விட்டால் பந்து மேகத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும்.

அதுவரை எங்கள் லயத்தில் சண்டை வந்தால் நீ மதுரைக்காரன், நீ சேலத்துக்காரன், உன் ஊர்ப் புத்தி தெரியாதா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பந்து வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பேச்சு இல்லை. மதுரையும் சேலமும் ஒரே மேட்டில் நின்று ஒரே தொண்டையாகக் கத்தும். இந்த நாட்டிலும் நமக்கு இடம் இல்லை, விட்டு வந்த ஊரிலும் நமக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. நமக்கென்று இருந்தது அந்தப் பதினோரு மஞ்சள் சட்டைதான். நான் அப்படித்தான் நம்பினேன். மடையன்.

திடலின் ஓரத்தில் ஒரு மேடு உண்டு. அங்கே நின்றால் ஆட்டம் முழுவதும் தெரியும். முதல் ஆட்டத்துக்குச் சும்மா உற்சாகத்துக்காகத்தான் தப்பை எடுத்துப் போனேன். அடித்துக்கொண்டே பார்த்தபோது ஒன்று புரிந்தது. பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருகிறவனைத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே நம் ஆட்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். எப்போதும் ஓட்ட அடி போய்க்கொண்டிருக்கும். பின்னால் எதிரி வந்தால் அடியைச் சட்டென்று நிறுத்தி இரண்டே தட்டு. இடது பக்கம் நம் ஆள் சும்மா நின்றால் சன்னக் குச்சியால் மட்டும் அடிப்பேன். வலது பக்கம் என்றால் தடிக் குச்சியால் மட்டும். பிறந்ததிலிருந்து தப்புச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்கு ஓடியவர்கள். இரண்டே வாரத்தில் அவர்கள் காலுக்கு இது பழகிவிட்டது. மற்றக் கட்சிக்காரர்கள் விசில் ஊதும் துரையிடம் போய் முறையிட்டார்கள். மேளம் அடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று துரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அதனால் ஜெயித்துக் குவித்தோமா என்றால், அட போங்கள். முதல் வருஷம் துரைமார் கட்சி எங்களுக்கு ஒன்பது கோல் போட்டது. சப்பாத்துக் கால்களுக்கு முன்னால் வெறுங்கால் என்ன செய்யும்? ஏழாவது கோல் விழுந்தபோது என்னை அறியாமலே என் கை சாவு அடிக்குப் போய்விட்டது. எத்தனை பிணத்துக்கு அடித்த கை! துக்கம் வந்தால் அதற்கு வேறு வழி தெரியாது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கப்டன் நேராக என்னிடம் வந்தான். வேறு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறவன், மேல் லயத்துப் பிள்ளை. திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“சரியாத்தான் அடிச்சீங்கண்ணே. செத்துத்தான் போயிட்டோம்” என்று சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டான்.

மேல் லயத்துக் கை ஒன்று என் தோளில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷத்திலிருந்து நான் அந்தக் கட்சிக்கு அடிமை. வேறு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி கூவும் முன் எழுந்து பன்னிரண்டு மைல் இறங்குவேன். மழை நாளில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். அதற்காக ஒரு டின்னில் ஸ்டோர் அடுப்புக் கரியைக் கனலோடு போட்டு எடுத்துப் போவேன், குடைக்குக் கீழே தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பேன். நான் நனைந்துவிடுவேன், தோல் நனையாது. என் பெண்சாதிக்கு நெருப்பாக எரியும். அவள் கொழுந்து எடுக்கிறவள். வாரம் முழுக்க மலை ஏறி இறங்கியவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு விறகுச் சுமைக்குக்கூட நான் உதவியதில்லை. அவனுங்க பந்த ஒதைக்கிறானுங்க, நீ ஒன் பொழப்ப ஒதைக்கிற என்பாள். நான் தப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அவள் சொன்னது உண்மை.

உண்மை என்பது இரண்டாம் வருஷம் தெரிந்தது. ஒரு ஞாயிறு ஆட்டம் நீண்டுபோய், அடித்த மழையில் பாதையில் மண் சரிந்து, நான் தோட்டத்துக்கு ஏறி வந்தபோது திங்கட்கிழமை விடிந்துவிட்டது. பெரட்டுக்குத் தப்பு அடிக்க ஆள் இல்லை. பாதித் தோட்டம் தூங்கிவிட்டது. துரை கங்காணியைத் திட்ட, கங்காணி என்னைத் திட்ட, பெரட்டுத் தப்பு அடிக்கிற வேலை வேறு ஆளுக்குப் போனது. என்னைக் கான் வெட்டுக்குப் போட்டார்கள். மழைத் தண்ணீர் ஓட மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற வேலை, இடுப்பு விட்டுப்போகும். என் அப்பன் அடித்த தப்பு, அவர் அப்பன் அடித்த தப்பு. என் கையால் தொலைத்தேன். அடுத்த ஞாயிறு போனேனா இல்லையா? போனேன்.

மூன்றாம் வருஷம் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிர்க் கட்சி போலீஸ். ஒரே ஒரு கோலில் தோற்றோம். கூட்டம் கலைந்துபோனது. மஞ்சள் சட்டைகள் அப்படியே தரையில் கிடந்தன. துணிக்கடை முதலாளி வண்டி ஏறி எப்போதோ போய்விட்டார். நான் மட்டும் மேட்டில் நின்று ஓட்ட அடியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுந்து நிற்கும்வரை நிறுத்துவதில்லை என்று பிடிவாதம். கடைசியில் கப்டன் எழுந்தான், முகமெல்லாம் கண்ணீரும் சேறும். என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, கப்பு எடுக்குற அன்னைக்கு நீங்கதான் முன்னால. ஒங்க தப்புக்குப் பின்னாலதான் நாங்க டவுனுக்குள்ள நடப்போம். இது சத்தியம்.”

பதினோரு பேரும் கேட்டார்கள். பதினோரு பேரும் ஆமாம் என்றார்கள். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். பதுளைப் பெரிய தெருவில் நான் தப்போடு முன்னால் நடந்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் ஒரு பிணம் வந்தது. கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார்கள். உயிரோடு சிரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முன்னால், கதவுகள் திறந்திருக்கும் தெருவில், ஒரு தடவை நடக்க வேண்டும். ஒரே ஒரு தடவை. எனக்கு வேறு எந்த ஆசையும் அந்த வருஷம் முழுக்க இல்லை.

நாலாம் வருஷம் மறுபடியும் கடைசி ஆட்டம், மறுபடியும் போலீஸ். அன்றைக்கு என் பெண்சாதியும் வந்தாள். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், நான் தெருவில் முன்னால் போவதைப் பார்க்க. மச்சினனும் எங்களோடு நடந்து வந்தான். பாதித் தூரம் என் தப்பை அவன்தான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வழக்கமாக வாய் ஓயாதவன், அன்றைக்கு உம்மென்று வந்தான். ஆட்டத்தை நினைத்துப் பயப்படுகிறான் என்று நினைத்து, வழி நெடுக நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்வரை யாருக்கும் கோல் விழவில்லை. அப்போது கப்டன் காலில் பந்து கிடைத்தது. அவன் ஓட, பின்னால் போலீஸ்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான். நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டினேன். கப்டன் திரும்பியே பார்க்கவில்லை; பந்தைச் சட்டென்று நிறுத்தினான். போலீஸ்காரன் வந்த வேகத்தில் அவனைத் தாண்டிப் போய் விழுந்தான். உடனே சன்னக் குச்சியால் மட்டும் அடித்தேன். இடது பக்கம் பார்க்காமலே தள்ளினான். அங்கே நின்றவன் காலால் உதைத்தான், கோல். தலையால் இல்லை, காலால். விசில் ஊதியதும் எங்கள் மேடே சரிந்து திடலில் விழுந்த மாதிரி ஜனம் இறங்கி ஓடியது. நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தப்பைச் சரிசெய்தபடி அவர்களிடம் போனேன். திடலின் வாசலில் நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லது, அவர்களும் வரட்டும் என்றுதான் நினைத்தேன். முதலாளி மாலைகளை வைத்துக்கொண்டு நின்றார். கப்டன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனான். ஊர்வலம் கடைக்காரர்கள் கட்டிய பிள்ளையார் கோயிலுக்குப் போகிறது, கப்பைச் சாமி முன்னால் வைத்துப் பூசை, ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் உள்ளே போகலாம், கீழ் லயத்து மூன்று பேரும்கூட, அதற்கு முதலாளி கோயில்காரர்களிடம் பேசி முடித்துவிட்டார் என்றான். ஒரே ஒரு நிபந்தனையாம். சாவுக்கு அடிக்கிற தப்பு ஊர்வலத்தில் வரக்கூடாது. நான் வேண்டுமானால் தப்பைத் துணிக்கடைப் பின்கட்டில் போட்டுவிட்டுக் கடைசியில் நடந்து வரலாம்.

எப்போது பேசி முடித்தார்கள் என்று கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என்றான். எல்லோருக்கும் தெரியுமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அப்படியானால் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா நீங்க அடிச்சிருக்க மாட்டீங்கண்ணே. நீங்க அடிக்காட்டி நாங்க ஜெயிச்சிருக்க மாட்டோம்.”

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையைச் சொல்லி, அந்த உண்மையாலேயே அறுத்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டேன். மச்சினனைத் தேடினேன். என் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தவன், எல்லாம் தெரிந்தேதான் வந்திருக்கிறான். கழுத்தில் மாலையோடு நின்றான். நெற்றியில் சந்தனம். அவன் நெற்றியில் அதுவரை எந்தக் கடைக்காரனும் சந்தனம் வைத்ததில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவனே வாயைத் திறந்தான்.

“மச்சான், ஒரு நாளாச்சும் உள்ள போய்ச் சாமியப் பாக்குறேனே.”

நீ போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்கு இடம் இல்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்கள். என்னைத் தோணியாக்கி ஏறிக் கடந்துவிட்டு, கரையில் கால் வைத்ததும் எட்டி உதைத்தார்கள்.

நாதஸ்வரம் கிளம்பியது. நானும் அவளும் பெரிய தெருவின் மூலையில் நின்றோம். நாலு வருஷம் என்னோடு கத்திய ஜனம், திருச்சியும் மதுரையும் சேலமும், எல்லாம் நாதஸ்வரத்துக்குப் பின்னால் போனது. சிலர் என்னைப் பார்த்து வாங்க வாங்க என்று கையைக் காட்டினார்கள். ஏன் தப்பு அடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். என் பெண்சாதி, எதற்கும் நாலு வார்த்தை வைத்திருப்பவள், அன்றைக்கு இரண்டே வார்த்தைதான் சொன்னாள். வா, போவோம் என்றாள். அவள் தம்பிக்கு அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு கிடையாது. நான் சொல்லவில்லை, அவளே போட்ட சட்டம்.

ஆறு மாதம் இருக்கும். நான் கான் வெட்டிக்கொண்டிருந்த மலைக்கு மச்சினன் ஏறி வந்தான். வருகிற ஞாயிறு போலீஸோடு ஆட்டம், நீங்கள் வரவேண்டும் என்றான். கப்பு வாங்கிய பிறகு மூன்று ஆட்டமும் தோற்றுவிட்டார்களாம். பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லையாம். நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு ஊதச் சொல்லு என்றேன். அவன் போகவில்லை. வெட்டிப்போட்ட மண் மேல் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே சொன்னான்.

கப்பு வாங்கிய மறு வெள்ளிக்கிழமை, வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு, ஒரு தேங்காயோடு அந்தக் கோயிலுக்குத் தனியாகப் போயிருக்கிறான். வாசலில் நின்றவன், அன்றைக்கு இவன் நெற்றியில் சந்தனம் வைத்த அதே ஆள். கப்பு எங்கேடா, கப்போடு வந்தால் உள்ளே போ என்று சொல்லிச் சிரித்தானாம். துணிக்கடைக்குப் போய் முதலாளியிடம் முறையிட்டிருக்கிறான். அது அன்னைக்கு மட்டுந்தாம்ப்பா என்று அவர் துணியை மடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தேங்காயைத் திரும்பத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டு அழுதான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று சொல்ல வாய்க்குள் வார்த்தைகூட இருந்தது. வரவில்லை. வயிறுதான் எரிந்தது, அதுவும் அவனுக்காக எரிந்தது. அந்த எரிச்சலிலும் எனக்குக் கோபம். இவனுக்காக நான் ஏன் எரிய வேண்டும்?

“அந்த ஒரு நாளுக்கா என்னைய வித்தீங்க?” என்று கேட்டேன்.

“ஆமா மச்சான்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா என்று மறுபடியும் கேட்டான். மாட்டேன் என்றேன். ஒன்பது கோல் வாங்கியபோது போனவன் நான். மழையில் போனேன், வேலை போன பிறகும் போனேன். தோற்றதற்காக ஒரு நாளும் நான் வராமல் இருந்ததில்லை என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. எழுந்து இறங்கிப் போனான்.

அந்த ஞாயிறு நான் விறகு வெட்டினேன். திங்கட்கிழமை காலையில், வேறொருவன் அடித்த தப்புக்கு எழுந்து பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற ஆள் என் காதருகே குனிந்து, நேத்து நம்ம கட்சி நாலு கோலில் தோத்துப்போச்சுண்ணே என்று துக்கமாகச் சொன்னான்.

“யாரு கட்சி?” என்று கேட்டேன்.

அதற்குள் கங்காணி என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்.